ஒண்டுக் குடித்தனமும் தனி வீடும்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மலர்க்குழு நண்பர்கள் ஒரு மாதமாக என் பின்னால் அலைந்தார்கள். சரி, ஒரு கவிதை எழுதலாம் என்றால், மெக்கானிக்கல் துறையிலிருந்து மட்டும் நிலாவைப் பற்றிப் பதினொரு கவிதை வந்து குவிந்துவிட்டதாம். "நிலா ஸ்டாக் ஓவர்டா, நீ கம்ப்யூட்டர் பத்தி எழுது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ஆகவே இது கம்ப்யூட்டர் கட்டுரை. அதற்காக சிவில் நண்பர்களும் எலக்ட்ரிக்கல் நண்பர்களும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சுவர், குழாய், திண்ணை எல்லாமே உள்ளே வருகிறது.

மாலை ஆறு மணியிலிருந்து ஒன்பதரை வரை நான் பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலை பார்ப்பது வகுப்பில் பலருக்குத் தெரியும். என் செமஸ்டர் ஃபீஸும் மெஸ் பில்லும் அங்கிருந்துதான் வருகின்றன. கடைக்கார அண்ணன் நல்லவர். ஆனால் ஒரே ஒரு வார்த்தையைக் கேட்டால் மட்டும் முகம் கறுத்துவிடும். 'பிளக்-இன்'!

காரணம் உண்டு. நான் சேருவதற்கு முன்னால், வேறொரு சாஃப்ட்வேரில் ஒரு கல்யாண ஆல்பம் வடிவமைத்துக் கொண்டிருந்தாராம். பூ பார்டர் போடுவதற்காக யாரோ கொடுத்த ஒரு பிளக்-இன்னை அழுத்தியிருக்கிறார். அவ்வளவுதான், மொத்த சாஃப்ட்வேரும் கண்ணெதிரே மறைந்துபோனது. சேமிக்காத நான்கு மணி நேர வேலை காற்றோடு போயிற்று. ஆல்பம் தாமதமாகி, பெண் வீட்டார் கடைக்கு வந்து போட்ட சத்தத்தில் அந்தக் குடும்பத்து வாடிக்கையே போய்விட்டது. அதிலிருந்து "பிளக்-இன் கிளக்-இன்னு எதையாச்சும் போட்டே, கைய ஒடிச்சிடுவேன்" என்பதுதான் கடைக்கு வரும் பையன்களுக்கு அவர் சொல்லும் முதல் பாடம்.

இப்போது கடையில் ஓடுவது ஜிம்ப். இலவச சாஃப்ட்வேர். போன ஜூன் மாதம் ஒரு பள்ளிக்கூடத்து ஐ.டி. கார்டு ஆர்டர் வந்தது. மங்கலாக இருந்த படங்களைத் தெளிவாக்க, பக்கத்து ஊர் ஸ்டூடியோ நண்பர் கொடுத்த பிளக்-இன் ஒன்றை, அண்ணனே மனதைக் கல்லாக்கிக்கொண்டு போட்டார். இருபத்து மூன்று படங்கள் திரையில் திறந்து கிடக்கின்றன, ஒன்றுகூடச் சேமிக்கவில்லை. மறுநாள் காலை கொடுக்க வேண்டிய வேலை. பிளக்-இன்னை ஓட்டினார்... ஒரு பெட்டி எழும்பியது. பிளக்-இன் நொறுங்கிவிட்டது என்றும், சாகும்போது அது ஜிம்ப்பின் உள்நிலையைக் குழப்பியிருக்கலாம் என்றும், படங்களைச் சேமித்துவிட்டு மறுபடி தொடங்குவது நல்லது என்றும் அதில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அண்ணன் நெற்றியில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். நான் மவுஸை வாங்கி நகர்த்திப் பார்த்தேன். ஜிம்ப் உயிரோடு இருந்தது! இருபத்து மூன்று படங்களையும் ஒவ்வொன்றாகச் சேமித்து முடிக்கும்வரை நாங்கள் இருவரும் மூச்சு விட்டோமா என்பதே சந்தேகம்.

அதன்பின் டீ குடிக்கும்போது அண்ணன் கேட்டார்: "அன்னைக்கு எல்லாம் போச்சு. இன்னைக்கு ஏன்டா போகல?"

நியாயமான கேள்வி. வாழ்க்கையில் எத்தனையோ வைவா பார்த்தாயிற்று, இவ்வளவு நேரான கேள்வியை எந்த எக்ஸ்டர்னலும் கேட்டதில்லை. பதிலைத் தேடி இரண்டு மாதம் ஹாஸ்டலிலும் லேபிலும் நான் கிளறியதைத்தான் இங்கே தருகிறேன்.

பிளக்-இன் என்பது, ஒரு பெரிய நிரலோடு பிற்பாடு வந்து ஒட்டிக்கொள்ளும் சின்ன நிரல். பெரிய நிரலுக்கு 'ஹோஸ்ட்' என்று பெயர். விருந்து கொடுப்பவர் என்று பொருள் கொள்ளலாம். நான் வீட்டுக்காரர் என்றே வைத்துக்கொள்கிறேன். இந்த வாடகைக்காரரை வீட்டுக்காரர் எங்கே குடிவைக்கிறார் என்பதில்தான் எல்லா விஷயமும் அடங்கியிருக்கிறது.

முதல் வழி ஒண்டுக் குடித்தனம். விண்டோஸில் டி.எல்.எல். என்றும், லினக்ஸில் ஷேர்டு லைப்ரரி என்றும் சொல்கிறோமே, அது. ஹோஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும் அதே பிராசஸுக்குள், அதே மெமரிக்குள் பிளக்-இன் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரே சமையலறை, ஒரே கொல்லைப்புறம். ஹோஸ்ட் கூப்பிட்டால் ஒரு ஃபங்ஷன் காலில் வேலை முடிந்துவிடும். வேகத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் பிளக்-இன்னில் ஒரு பாயிண்டர் வழி தவறினால், அது எழுதுவது வீட்டுக்காரரின் பீரோவுக்குள்! அல்லது தொடக்கூடாத முகவரியைத் தொட்டால், ஆபரேட்டிங் சிஸ்டம் வந்து அந்த பிராசஸையே கொன்றுவிடும். தப்பு செய்தது வீட்டுக்காரரா வாடகைக்காரரா என்று அது விசாரிக்காது. அதன் கணக்கில் இருவருக்கும் ரேஷன் கார்டு ஒன்றுதான். கல்யாண ஆல்பம் போனது இப்படித்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது வழி தனி வீடு. பிளக்-இன் ஒரு தனி நிரல், தனி பிராசஸ், தனி மெமரி. நடுவில் ஆபரேட்டிங் சிஸ்டம் கட்டிய கனமான சுவர். வாடகைக்காரர் வீட்டில் தீப்பிடித்தால் அவர் வீடு மட்டும்தான் எரியும். ஜிம்ப் இந்த வகை.

ஜிம்ப்பின் பிறப்புக் கதையை நம் எல்லோரிடமும் சொல்லியே ஆக வேண்டும். 1995-ல் அமெரிக்காவின் பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மாணவர்களாக இருந்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இருவர் ஆரம்பித்தது. என்னவாக ஆரம்பித்தார்கள் தெரியுமா? ஒரு செமஸ்டர் பிராஜெக்ட்டாக! 1996-ல் உலகத்துக்கு வெளியிட்டார்கள். 2025 மார்ச்சில் அதன் 3.0 பதிப்பு வந்தது. நம்ம பிராஜெக்ட்டுகள் வைவா முடிந்த மறுநாளே காலிகோ பைண்டிங்கோடு டிபார்ட்மெண்ட் பீரோவில் போய்ப் படுத்துக்கொள்வதை நினைத்து ஒரு நிமிடம் மௌனமாக இருந்தேன். அது கிடக்கட்டும். அந்த ஆரம்ப நாட்களிலிருந்தே ஜிம்ப்பில் பிளக்-இன்களுக்குத் தனி வீடுதான்.

சரி, நடுவில் சுவர் எழுப்பியாயிற்று. இனி எப்படிப் பேசிக்கொள்வது?

இங்கேதான் குழாய் வருகிறது. நம்ம ஓ.எஸ். பாடத்தில் பைப் என்று இரண்டு மார்க் கேள்வியாகப் படித்துவிட்டு மறந்தோமே, அதேதான். ஜிம்ப் ஒரு பிளக்-இன்னைக் கிளப்பும்போது இரண்டு குழாய்களைப் போட்டுக் கொடுக்கிறது. ஒன்று போக, ஒன்று வர. புதிதாக ஒரு பிளக்-இன் வந்து சேர்ந்தால், முதலில் அதை ஓட்டி, "உனக்கு என்னென்ன வேலை தெரியும்? மெனுவில் எங்கே உட்கார வேண்டும்?" என்று விசாரிக்கும். பதிலை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்த முறை கம்ப்யூட்டரைப் போடும்போது, கோப்பு மாறாத பிளக்-இன்களை மறுபடி எழுப்பிக் கேட்பதில்லை. ஆகவே மெனுவில் நூறு பெயர் தெரிந்தாலும் உள்ளே நூறு பிராசஸ் ஓடிக்கொண்டிருப்பதாக நினைக்க வேண்டாம். பெரும்பாலானவை நாம் மெனுவை அழுத்தும்போதுதான் எழுந்து வரும், வேலையை முடித்துவிட்டுப் போய்விடும்.

குழாய் வழியே போவது கடிதங்கள். 'இந்த வேலையைச் செய்', 'இந்தத் துண்டு வேண்டும்', 'முடிந்தது, இதோ பதில்' என்பது போல. கடிதம் சரி, படத்தையும் குழாயிலேயே அனுப்பலாமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 6000-க்கு 4000 அளவுள்ள ஒரு படத்தில் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் என்றால் 7 கோடியே 20 லட்சம் பைட். லினக்ஸில் சாதாரணமாக ஒரு பைப்பின் கொள்ளளவு 65,536 பைட். ஒரு படத்தை அனுப்பவே கிட்டத்தட்ட 1,100 முறை குழாயை நிரப்பிக் காலி செய்ய வேண்டும். தவிர ஒவ்வொரு பைட்டும் இரண்டு முறை நகலெடுக்கப்படுகிறது: இங்கிருந்து கெர்னலுக்கு, கெர்னலிலிருந்து அங்கே. பிளக்-இன்னிலிருந்து திரும்பி வரும்போதும் இதே கதை. குடத்தில் தண்ணீர் சுமந்து ஏரியை நிரப்புகிற வேலை.

அதனால்தான் திண்ணை. ஷேர்டு மெமரி என்று சொல்வது இதைத்தான். இரண்டு வீட்டாரும் தொடக்கூடிய ஒரு சின்ன இடத்தை ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். படத்தைச் சதுரத் துண்டுகளாக, அதாவது டைல்களாக, வெட்டி வைத்திருக்கிறார்கள். நெடுங்காலம் ஜிம்ப்பில் ஒரு டைல் 64-க்கு 64 புள்ளி. மேலே சொன்ன படத்தில் அகலத்துக்கு 94, உயரத்துக்கு 63, ஆக 5,922 டைல்கள். பிளக்-இன் குழாயில் 'இந்த எண் டைல் வேண்டும்' என்று எழுதும். வீட்டுக்காரர் அதைத் திண்ணையில் வைத்துவிட்டு, 'வைத்தாயிற்று' என்று குழாயில் சொல்வார். பிளக்-இன் எடுத்துக்கொண்டு, 'எடுத்தாயிற்று' என்று பதில் போடும். பேச்சு குழாயில், சாமான் திண்ணையில்!

'எடுத்தாயிற்று' என்ற அந்தக் கடைசி வரி எதற்கு என்று நான் ஒரு நாள் முழுக்க யோசித்தேன். திண்ணையில் வைத்ததை அவர் எடுப்பதற்குள் இவர் அடுத்ததை வைத்துவிட்டால்? பாதி மூக்கு பழைய டைல், பாதி மூக்கு புது டைல் என்று ஆகிவிடும். சுவர் இருந்தால் சண்டை வராது. திண்ணை பொதுவானால் முறை வைத்துக்கொண்டே ஆக வேண்டும்.

இனி அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். பிளக்-இன் செத்தது வீட்டுக்காரருக்கு எப்படித் தெரிந்தது? யாரும் போய்ச் சொல்லவில்லை. ஒரு பிராசஸ் இறந்தால், அது திறந்து வைத்திருந்த குழாய் முனைகளை எல்லாம் கெர்னலே மூடிவிடும். இந்தப் பக்கம் படித்துக்கொண்டிருப்பவருக்குப் பூஜ்யம் பைட் வரும். உரிய பேச்சு முடியும் முன்னே குழாய் இப்படி அறுந்தால் ஆள் போய்விட்டார் என்று அர்த்தம். அந்தப் பெட்டி எழும்பியது இதனால்தான். அதோடு ஜிம்ப் ஒரு காரியம் செய்கிறது; என் மனதுக்கு மிகவும் பிடித்தது அது. பிளக்-இன் வேலையின் நடுவே 'அன்டூ' கணக்கைத் திறந்துவிட்டு மூடாமல் செத்திருந்தால், வீட்டுக்காரரே அதை மூடிவைக்கிறார். இல்லாவிட்டால் அதன்பின் நாம் செய்வதெல்லாம் செத்தவன் கணக்கிலேயே ஏறிக்கொண்டிருக்கும்.

படித்தது போதாது என்று, நானும் என் பெஞ்ச் தோழனும் லேபில் சி மொழியில் ஒரு குட்டி வீட்டுக்காரரையும் ஒரு குட்டி வாடகைக்காரரையும் எழுதினோம். ஃபோர்க் போட்டு, இரண்டு பைப் வைத்து, பாதி வேலையில் பிளக்-இன்னை 'கில் மைனஸ் நைன்' கொடுத்துக் கொன்று பார்ப்பது. லேப் அசிஸ்டண்ட் எட்டிப் பார்த்து, "மூணு நாளா எதையோ கொன்னுக்கிட்டே இருக்கீங்களே, என்னப்பா அது?" என்றார்.

இதில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நுணுக்கம். ஃபோர்க் ஆனதும் குழாயின் எல்லா முனைகளும் இருவர் கையிலும் இருக்கும். தனக்கு வேண்டாத முனையை ஒவ்வொருவரும் மூடியே ஆக வேண்டும். வேண்டுமென்றே ஒரு தடவை மூடாமல் விட்டுப் பார்த்தோம். பிளக்-இன் செத்துப் பத்து நிமிடமாகியும் வீட்டுக்காரர் கடிதத்துக்காகக் காத்துக்கொண்டே நின்றார். காரணம், எழுதும் முனையின் இன்னொரு நகல் அவர் கையிலேயே இருக்கிறது! எழுத ஆள் இருக்கும்வரை கெர்னல் 'முடிந்தது' என்று சொல்லாது. தானே எழுதுவான் என்று தானே காத்திருப்பது. வைவாவில் இதைக் கேட்டால் சொல்லுங்கள், எக்ஸ்டர்னல் மகிழ்ந்துபோவார்.

இன்னொரு சோதனை: இருவரும் ஒரே நேரத்தில் ஒரு லட்சம் பைட் எழுதுவது, யாரும் படிக்காமல். 65,536-ல் குழாய் நிரம்பியதும் இவர் அவர் படிக்கட்டும் என்று நிற்பார், அவர் இவர் படிக்கட்டும் என்று நிற்பார். டெட்லாக் என்று நோட்டில் நான்கு நிபந்தனை எழுதினோமே, அது உயிரோடு எதிரே நிற்பதை அன்றுதான் கண்டேன்.

தோழன் எழுதிய பக்கத்தில் நடந்த கூத்து தனிக்கதை. கடிதத்தில் முதலில் 4 பைட்டில் நீளத்தைச் சொல்லிவிட்டுப் பிறகு விஷயத்தை அனுப்ப வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். கோப்பின் பெயர் தமிழில் 'அம்மா'. கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடு கணக்கில் அ, ம, புள்ளி, ம, கால் என்று 5. ஆனால் யு.டி.எஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 15. தோழன் நீளம் 5 என்று சொல்லிவிட்டு 15 பைட்டையும் அனுப்பிவிட்டான். என் நிரல் ஒப்பந்தப்படி 5 பைட் படித்தது. அடுத்த 4 பைட்டை அடுத்த கடிதத்தின் நீளம் என்று எடுத்துக்கொண்டது. அந்த நீளம் எவ்வளவு தெரியுமா? 293,39,60,589 பைட்! 'அம்மா'வின் மிச்சத்தை எண்ணாகப் படித்தால் அவ்வளவு வருகிறது. அது வந்து சேரும் என்று நம்பி என் நிரல் சாந்தமாக உட்கார்ந்திருந்தது. இங்கிலீஷில் மட்டும் சோதித்திருந்தால் இந்தப் பிழை கடைசிவரை வெளியே தெரிந்திருக்காது. அதில் எழுத்துக்கு ஒரு பைட். எப்படி எண்ணினாலும் ஒன்றுதான். தமிழில் பெயர் வைக்கும் வாடிக்கையாளர் வரும் கடைகளுக்கு எழுதுகிறவர்கள் பைட்டைத்தான் எண்ண வேண்டும். கோட் எடிட்டர்கள் மொழி உதவி நிரல்களோடு பேச 2016-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஒழுங்குமுறையிலும் ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் நீளம்தான், அதுவும் பைட்டில்தான்.

தனி வீட்டின் அருமை எல்லோருக்கும் உடனே புரிந்துவிடவில்லை. பிரௌசர்களில் ஃப்ளாஷ் பிளக்-இன் நெடுங்காலம் ஒண்டுக் குடித்தனமாகவே இருந்தது. ஏதோ ஒரு விளம்பரம் முட்டிக்கொண்டால், திறந்திருக்கும் எல்லாப் பக்கமும் சேர்ந்து சாகும். 2008-ல் வந்த கூகுள் குரோம் அதைத் தனி பிராசஸில் வைத்தது. 2010 ஜூனில் ஃபயர்ஃபாக்ஸ் 3.6.4 பதிப்பும் பிரித்து வைத்தது. அப்போது ஒரு வேடிக்கை. பத்து விநாடி பேசாமல் இருந்தால் பிளக்-இன் செத்துவிட்டது என்று முடிவுகட்டிக் கொன்றுவிடும்படி வைத்திருந்தார்கள். ஃபார்ம்வில் என்ற விளையாட்டில் பயிர் வைத்திருந்தவர்களின் கம்ப்யூட்டரில் அது பத்து விநாடிக்கு மேல் திணறும். சாகாதவனைப் பாடையில் ஏற்றிய கதை! சில நாட்களிலேயே 3.6.6 வந்து, கெடுவை 45 விநாடி ஆக்கியது. ஃப்ளாஷுக்கே 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வி முடியவில்லை. செத்தவனைக் கண்டுபிடிப்பது சுலபம், குழாய் சொல்லிவிடும். தூங்குகிறவனா, திணறுகிறவனா என்பதைக் கடிகாரத்தைப் பார்த்து ஊகிக்க மட்டுமே முடிகிறது.

எல்லா இடத்திலும் தனி வீடே சரி என்றும் சொல்ல மாட்டேன். இசை சாஃப்ட்வேரை எடுத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 48,000 மாதிரிகள். 64 மாதிரிகளாகக் கையாண்டால், ஒவ்வொரு முறையும் கிடைக்கும் நேரம் 1.33 மில்லி விநாடி. அதற்குள் பத்து பிளக்-இன்களிடம் போய்விட்டு வர வேண்டும். ஒவ்வொருவரிடமும் கடிதம் போட்டுக் காத்திருந்தால் பாட்டு விக்கும். அதனால் அங்கே ஒண்டுக் குடித்தனம் இன்றும் சகஜம். போட்டோவுக்கு அரை விநாடி தாமதம் ஒரு பொருட்டல்ல. அங்கே சுவர் இல்லாமல் வைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னபோது ஒரு எச்சரிக்கையும் சேர்த்தே சொன்னேன். இந்தச் சுவர் தீயைத் தடுக்கும், திருடனைத் தடுக்காது. தனி பிராசஸாக இருந்தாலும் பிளக்-இன் ஓடுவது நம்ம பெயரில், நம்ம அனுமதியில். கெட்ட எண்ணத்தோடு எழுதப்பட்டிருந்தால் ஹார்டு டிஸ்க்கில் இருக்கும் ஆல்பங்களை அது தாராளமாக அழிக்கலாம். அதைத் தடுக்க வேறு பூட்டு வேண்டும். தவிர, பாதி வேலையில் செத்தால் படம் பாதி மாறிய நிலையில் கிடக்கும். அண்ணன் காது கொடுத்துக் கேட்டார். கடைசியில், தெரிந்த இடத்திலிருந்து வந்த பிளக்-இன் மட்டும் போடலாம், பத்துப் படத்துக்கு ஒருமுறை சேமிக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். கையை ஒடிக்கும் சட்டம் வாபஸ்.

எங்கள் குட்டி வீட்டுக்காரர் இப்போது 'அம்மா'வைச் சரியாகப் படிக்கிறார்; வாடகைக்காரர் செத்தால் திகைக்காமல் புது ஆளை எழுப்பி, விட்ட இடத்திலிருந்து வேலையைக் கொடுக்கிறார். திணறுகிறவனுக்கு எத்தனை விநாடி கெடு வைப்பது என்பதில்தான் எனக்கும் தோழனுக்கும் இன்னும் தகராறு. அவன் பத்து என்கிறான். நம்ம லேபின் மூன்றாவது வரிசைக் கம்ப்யூட்டர்களில் உட்கார்ந்து பார்த்த எவரும் பத்துக்குச் சம்மதிக்க மாட்டார்கள் என்பது என் கட்சி. கோட் வேண்டும் என்பவர்கள் புதன்கிழமை மாலை நான்கு மணிக்கு மேல் லேபுக்கு பென் டிரைவோடு வரலாம். வைரஸ் இல்லாத பென் டிரைவாக இருந்தால் லேப் அசிஸ்டண்ட்டும் சந்தோஷப்படுவார்.

— மூன்றாம் ஆண்டு, கணிப்பொறித் துறை